மேனேஜர் இருந்த குளம்

அக்டோபர் 4, சனி

காலை 6.50. மேகம், காற்று இல்லை. தண்ணீர் 66 டிகிரி பாரன்ஹீட். அபார்ட்மெண்டுக்குப் பின்னால் உள்ள குளம். பாசி இன்னும் முக்கால் குளத்தை மூடியிருக்கிறது. பிரவீனும் நானும்.

தூண்டில் முள்ளில் மாட்டிய ரப்பர் தவளையைப் பாசி மேல் இழுத்தோம். எனக்கு மூன்று கடி, மூன்றும் போச்சு. தண்ணீர் கலங்கிய உடனே இழுத்துவிடுகிறேன். பிரவீன் எப்போதும் சொல்வதுதான்: “ரெண்டு எண்ணுடா. மீன் வாயை மூட டைம் குடு.” ஒன்று சொல்வதற்குள் என் கை போய்விடுகிறது. அவனுக்கு இரண்டு லார்ஜ்மவுத் பாஸ் மீன், நடுத்தரம். தண்ணீரிலேயே திரும்ப விட்டான்.

மேனேஜரும் வந்தது. வலது கண்ணில் பூ விழுந்த கிழட்டுப் பாஸ் மீன். மூன்று வருடமாக ஒவ்வொரு அக்டோபரும் பிரவீன் அதன் பின்னால். பேர் வைத்தவனும் அவன்தான். வரும், பார்க்கும், ஒன்றும் சொல்லாமல் போய்விடும்.

வேலை போய் அவனுக்கு இன்றோடு முப்பத்தேழு நாள். அறுபதுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் அமெரிக்க விசா முடிந்தது. 26ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டான். சேலத்துக்கே. மேனேஜரை ஒரு தடவை கையில் பிடித்துவிட்டால் நிம்மதியாகப் போவேன் என்றான். இந்த நேரத்தில் நாலு இன்டர்வியூவுக்குப் படித்திருக்கலாம் என்றேன். அவன் நூல் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

சொன்னது சரிதான். சொல்லியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 9, வியாழன்

குளிர் இறங்கிவிட்டது. தண்ணீர் 59. தினமும் போல அவனுக்கு அந்த எண் மட்டும் மெசேஜ். பதிலுக்குக் கட்டைவிரல்.

வாங்க: பால், தெர்மாமீட்டர் பேட்டரி, இட்லி மாவு.

பாசி பாதி பழுப்பு. மதியம் மீட்டிங் நடுவே யோசித்தேன். அழுகும் பாசி ஆக்ஸிஜனைத் தின்னும், மீன் அங்கே நிற்காது. பச்சை மிச்சம் இருக்கும் இடத்துக்கு நகரும். சின்ன மீனும் அங்கே, அதைத் தின்பதும் அங்கே. பச்சை மிச்சம் இருப்பது ஒரே மூலையில்தான், மழைநீர்க் குழாய் வந்து விழும் இடம். இரண்டு கார் நிறுத்தும் அளவு. மேனேஜர் அங்கேதான் இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

பிரவீன் சோபா விற்பதில் பிஸி. சொல்லவில்லை. முதலில் சரிபார்க்கலாம் என்று.

அது பொய். என் கணக்கு சரி என்று முதலில் நானே பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

காலை 7.10, தனியாக. தண்ணீர் 57. இந்த வாரம் ஆபீசில் ஆன்-கால் எனக்கு, எப்போது கூப்பிட்டாலும் பார்க்க வேண்டும். பச்சை மூலையில் பிளாஸ்டிக் புழுவைப் போட்டேன். மூன்றாவது வீச்சு, அடியில் போய் உட்கார்ந்தது. அப்போது போன் அலறியது. சர்வர் ஒன்று விழுந்திருக்கிறது. தூண்டில் ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பார்க்கிறேன் என்று டைப் பண்ணினேன். தலைநிமிர்ந்தால் நூல் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இழுத்தேன்.

மேனேஜர்.

முள் தொண்டைக்குள். இப்படி விழுங்கினால் நூலை வெட்டி, முள்ளோடு விட்டுவிட வேண்டும். பிழைத்துக்கொள்ளும். எனக்குத் தெரியும், பிரவீன் செய்து பார்த்திருக்கிறேன். போன் திரும்ப அலறியது. குறடை வாய்க்குள் விட்டு இழுத்தேன். முள் வந்தது. கூடவே செவுளிலிருந்து ரத்தம்.

அப்போதும் அளந்தேன். இருபத்தொன்றரை அங்குலம். போட்டோ எடுத்தேன். பிறகு தண்ணீரில் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தேன். கால் மணி நேரம், கை மரத்துப்போகும் வரை. விட்டதும் மல்லாந்தது. கண்ணில் பூ விழுந்த பக்கம் மேலே.

பழுப்புப் பாசிக்குள் தள்ளிவிட்டு வந்தேன். ஒன்பதரை மீட்டிங்கில் இருந்தேன். சர்வர் தானாகவே சரியாகியிருந்தது.

அக்டோபர் 15, புதன்

மழை. பிரவீன் போன். இன்று எண் வரவில்லையே என்றான். குளத்துப் பக்கம் போகவில்லை என்றேன். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவன் என்று எனக்குப் பேர். ஆபீசில் அதற்காக ஒரு தடவை கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள்.

போட்டோ இன்னும் போனில். அழிக்கப் போய் அழிக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

வெயில், குளிர். 56. அவனுடைய கடைசி சனிக்கிழமை இது, அடுத்தது பேக்கிங். எங்கே போடலாம் என்று கேட்டான். பச்சை மூலையைக் காட்டினேன், காரணமும் சொன்னேன். வேறு என்ன செய்வது. “மூணு வருஷமா எனக்கு இது தோணலை பாரு. மூளைடா உனக்கு” என்றான்.

இரண்டரை மணி நேரம் அதே இடத்தில் வீசினான். ஒரு பவுண்டில் ஒரு மீன் மட்டும். ஒவ்வொரு கடிக்கும் உதட்டுக்குள் எண்ணுகிறான், ஒன்று, இரண்டு. கிளம்பும்போது, “மேனேஜர் லீவுல இருக்கார் போல” என்றான்.

சிரித்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டினேன். ஐந்து பெட்டி. வீட்டுக் கதவைப் பூட்டியதும் அவன் ராடை என்னிடம் கொடுத்தான். பிளைட்டில் உடைந்துவிடுமாம். “மேனேஜரை நீ புடி. புடிச்சா ஒரு போட்டோ அனுப்பு. அப்புறம் விட்டுடு.”

வழி முழுக்க அது வண்டிக்குள் கிடந்தது, ராடும் அந்தப் பேச்சும். அவன் மனைவி அனு ட்ராலி எடுக்கப் போன நேரம், டிக்கியைத் திறந்து வைத்தபடி சொன்னேன். முழுவதும். போனையும் காட்டினேன்.

போட்டோவைப் பெரிதாக்கி, மீனின் கண்ணைப் பார்த்தான்.

“எவ்ளோ நீளம்?”

“இருபத்தொன்றரை.”

“எண்ணினியா?”

“இல்லை. போன் பாத்துட்டிருந்தேன்.”

தலையாட்டினான். பெட்டியை இறக்கினான், இரண்டாவதையும் இறக்கினான். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றான். பிறகு சத்தம் போடாமல்:

“சொல்லாமலே விட்டிருக்கலாம்ல. ஊர்ல போய் உக்காந்துக்கிட்டு, அது அங்கதான் சுத்திக்கிட்டு இருக்குன்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன்.”

அனு வந்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போங்க அண்ணா, எங்கள் வீட்டு பிரிட்ஜில் தயிர்சாதம் வைத்திருக்கிறேன், சாவி உங்களிடம்தானே என்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திறக்கக் கிடைத்த இடம் டிபார்ச்சர் வாசல்.

தயிர்சாதம் சாப்பிடவில்லை. கொட்டவும் முடியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஊர் சேர்ந்ததாக அனுவிடமிருந்து மெசேஜ். அவனிடமிருந்து இல்லை.

குளத்தில் பச்சை எங்குமே இல்லை. எல்லாம் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. 51. பழக்கத்தில் அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நீலக் குறி. பார்த்துவிட்டான்.