காகிதத்தில் சுற்றிய பேத்தை

சேசு மரி சூசை துணை

மேலப்புதூர், திருச்சி
24-3-1961, வெள்ளிக்கிழமை

மண்டபத்தில் மீன் ஆராய்ச்சிக்காகத் தங்கியிருக்கும் என் அன்புள்ள அத்தானுக்கு லூர்துராணி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். உங்கள் சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்று அது பேனாவில் வரமாட்டேன் என்கிறது, மன்னியுங்கள்.

நேற்று வந்த உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முந்தைய கடிதத்தைக் கொளுத்திவிடு, யார் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்று சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். கொளுத்தவில்லை. அது என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

உங்களுக்குக் காலேஜிலிருந்து வந்த தந்தியில், அட்டெண்டர் பிச்சமுத்து மீன் தின்று இறந்தார் என்று மட்டும்தானே இருந்திருக்கும்? நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் கொளுத்தச் சொல்வீர்களா, பார்ப்போம்.

போன சனிக்கிழமை காலையில் ரயில்வே கார்டு அப்துல் சலாம் பாய் வழக்கம்போல உங்கள் தகரப்பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றரை வருஷமாக நடக்கிற ஏற்பாடு. துணியில் சுற்றிப் பென்சில் சீட்டுக் கட்டியது லேபுக்கு. செய்தித்தாளில் சுற்றியது நம் அடுப்புக்கு. பிச்சமுத்து வருவார், துணிப்பொட்டலங்களை வாங்கிப்போவார், காகிதப்பொட்டலத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பேன். ஒருநாளாவது அவர் பெட்டியில் கை வைத்ததில்லை. "நீங்க எடுத்துக் குடுங்கம்மா, சார் பொருள நான் தொடக் கூடாது" என்று வாசல்படியிலேயே நிற்பார்.

அன்றைக்குத் துணிப்பொட்டலம் ஒன்றுகூட இல்லை. நாலும் காகிதம். இந்த வாரம் லேபுக்கு ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது, மனுஷர் வீட்டை நினைத்துக்கொண்டாரே என்று பூரித்துப்போனேன், மடச்சி! பிரித்தால் தலையில்லை, தோலில்லை, வெள்ளை வெளேரென்று சதை, கூடவே கொழுத்த சினை. ஐஸ் வாடையோடு மீன் வாடை வந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாகத் தள்ளிப்போயிருக்கிறது, அத்தான். நீங்கள் ஈஸ்டருக்கு வந்ததும் நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இந்தச் சந்தோஷத்தை இப்படி எழுத வேண்டியதாயிற்று.

அதனால் நாலு பொட்டலத்தையும் பிச்சமுத்துவிடம் கொடுத்தேன். அவர் வேண்டாமென்றுதான் சொன்னார். "இவ்வளவும் எனக்கெதுக்கும்மா? வீட்டுல ராசாத்தி சமயபுரத்தாளுக்கு விரதம் இருக்கா, புள்ளையும் கூடச் சேந்துக்கிட்டு இருக்குது. நான் ஒருத்தன்தான் திங்கணும்" என்றார். வீணாப்போகும், பேசாம கொண்டுபோங்க என்று நான்தான் அதட்டினேன். அவர் சைக்கிள் கைப்பிடியில் பையை மாட்டியதும் நானே.

உங்கள் ஆராய்ச்சியை நல்ல பிரதி எடுத்தவள் நான். பேத்தை மீன் குடும்பத்துக்கு நாலே பல், கிளிமூக்கு மாதிரி ஒட்டியிருக்கும். முள்ளம்பேத்தைக்கு இரண்டு, அதனால் அது வேறு குடும்பம். செதில் இல்லை, விலா எலும்பு இல்லை, சீண்டினால் தண்ணீரைக் குடித்துப் பந்தாக ஊதும். முட்டையிடும் பருவத்தில் சினையிலும் ஈரலிலும் நஞ்சு ஏறும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் தோலையும் தாடையையும் நீங்கள் அங்கேயே எடுத்து வைத்துக்கொண்டீர்களே! தோலின் முள்ளை எண்ணினால்தான் அது இரண்டு இனமா ஒரே இனமா என்று உங்களால் சொல்ல முடியும், அது எனக்குப் புரிகிறது. தோலும் வாயும் போன பேத்தையை வேறு யாரால் அடையாளம் சொல்ல முடியும்? பதினோரு வருஷமாகப் பாட்டிலில் பேத்தையைத் துடைத்து வைத்த பிச்சமுத்துவுக்கே தெரியவில்லை.

பார்மலின் தீர்ந்துவிட்டது, துணியும் தீர்ந்துவிட்டது, ஆகையால் பேத்தைகளைக் காகிதத்தில் சுற்றி அனுப்புகிறேன், சமையலுக்கு ஒன்றுமில்லை, உடனே பார்மலினில் போடச் சொல் என்று நீங்கள் எழுதிய கடிதம் திங்கட்கிழமைத் தபாலில் வந்தது. ஞாயிறு விடியுமுன்பே அவர் போய்விட்டார்.

ராசாத்தி விரதக்காரியாகையால் அடுப்பைத் தொட விடவில்லையாம். கொல்லையில் கல் கூட்டி அவரே பொரித்திருக்கிறார். அரைமணி நேரத்தில் உதடு மரத்துப்போச்சு என்று சிரித்தாராம். பிறகு விரல் மரத்தது, பிறகு கால். குதிரைவண்டியில் ஏற்றி ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப்பாலம் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பேச்சு நின்றுவிட்டது. "கண்ணு முழிச்சுத்தாம்மா இருந்துச்சு. நான் கூப்புட்டதெல்லாம் கேட்டுச்சு, கண்ணுல தண்ணி மட்டும் வந்துச்சு" என்றாள். கடைசி வரை நினைவு தப்பாது என்பதும் உங்கள் குறிப்பில் உண்டு. அந்த வரியை நான் மையொற்றி அழகாக எழுதியிருக்கிறேன்.

இப்போது காலேஜில் நடப்பதைக் கேளுங்கள். ராசாத்திக்குக் கூட்டிப் பெருக்கும் வேலையாவது தரலாம் என்று பிரின்சிபால் முதலில் சொன்னார். அதற்குள் நீங்கள் துறைத்தலைவருக்கு எழுதிவிட்டீர்கள். துணியில் சுற்றிச் சீட்டுக் கட்டித்தான் அனுப்பினேன், வழியில் பிரித்தது அட்டெண்டராகத்தான் இருக்கும் என்று! எப்படி மனசு வந்தது அத்தான் உங்களுக்கு? ஆராய்ச்சி மீனைத் திருடித் தின்று செத்தவன் என்று லேப் முழுக்கப் பேச்சாகிவிட்டது. திருடின ஆள் குடும்பத்துக்கு வேலை கிடையாதாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை, அன்றோடு முடிவாம்.

புதன்கிழமை சத்திரம் ஸ்டாப்பில் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராசாத்தி மஞ்சள் புடவையைக்கூட இன்னும் மாற்றவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கதான குடுத்தீங்க, அதுதான் சொல்லுச்சு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சார் வரட்டும் என்றேன். அவள் அதற்கும் சரிங்கம்மா என்றாள்.

அவர்கள் மகள் வேலம்மாள், ஒன்பது வயது, தெருமுனை வரைக்கும் என்னோடு வந்தது. பள்ளிக்கூடத்தில் மீன் திருடன் மகள் என்கிறார்களாம். "எங்கப்பா திருடலைன்னு எங்க டீச்சர்கிட்ட வந்து சொல்றீங்களா?" என்று கேட்டது. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். உங்களுக்கேற்ற பெண்டாட்டிதான் நான்.

உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை, ஜூனில் ஆராய்ச்சியை ஒப்படைக்க வேண்டும், இந்த நேரத்தில் பெயர் கெட்டால் எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். நானும் டீச்சர் டிரெயினிங் முடித்தவள்தான். பொன்மலையில் அண்ணன் குவார்ட்டர்ஸில் ஒரு மூலை கிடைக்காதா? காகிதத்தில் சுற்றியது குற்றமில்லை, அத்தான். அவசரத்தில் யாருக்கும் நேரும். துணி என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நேற்றுக் கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். சாமியாரிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டால் ராசாத்திக்கு என்ன ஆகப்போகிறது?

இதைத் தபாலில் போடவில்லை. தபால் பிந்தினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. சலாம் பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பிடித்து வாருங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு நானும் ராசாத்தியும் பிரின்சிபால் அறை வாசலில் நிற்போம். நீங்கள் வந்தால் நீங்களே சொல்லுங்கள். வராவிட்டால் நீங்கள் கொளுத்தச் சொன்ன கடிதத்தை அவர் மேஜையில் வைப்பேன். வேண்டாமென்றவர் கையில் திணித்தது நான் என்பதையும் சொல்வேன். அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ராசாத்தி என்னைத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், திட்டாமல் மறுபடியும் சரிங்கம்மா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் நீங்கள் இருந்தால் நன்றாயிருக்கும்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள், சோறாக்கி வைத்திருப்பேன். சொல்லாமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.

ஆண்டவர் உங்களுக்குத் தைரியம் தர இரவும் பகலும் மன்றாடும்,
லூர்துராணி