சுவரில் வைத்த கால்

ஆவணி, செவ்வாய் இரவு.

மாதவிலக்கு நிற்கிற வயசு. என் பட்டமகிஷி வசந்தாவுக்கு உடம்பு குபீரென்று கொதிக்கிறது; மேலே நெல்லைப் போட்டால் பொரிந்துவிடும். சில மாசமாகத் தனி அறையில் படுக்கிறாள்.

சாயங்காலம் அந்த அறைச் சுவரில் கால்களைத் தூக்கி வைத்து, கண்ணை மூடி யோகா செய்துகொண்டிருந்தாள். பேச்சாலேயே பாகூர் ஏரியை நிரப்பக்கூடிய நான் பணிவாகக் கேட்டேன்: "நானும் பக்கத்துல படுத்துக்கவா?"

"வாயத் தொறக்காம படுக்கறதுன்னா படுய்யா."

படுத்தேன். கால்களைத் தூக்கினேன். ஒரு யுகம் மௌனம் காத்தேன். அப்புறம் தாங்கவில்லை. "இன்னா வசந்தா, வூட்டுக்குள்ள ரெண்டு வௌவாலு!"

அவள் சிரிக்கவில்லை. "எழுந்து போய்யா. இப்பத்தான் சூடு கொஞ்சம் அடங்குச்சு."

இப்போது அதே சுவருக்கு இந்தப் பக்கம் கால்களை வைத்துக் கிடக்கிறேன். அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும். இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருக்கிறேன். பார்க்கத்தான் ஆளில்லை.