அது பயம் இல்லை, அண்ணே

என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் மழை இது. கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய்ந்துவிட்டேன்; மாடுகள் நனையவில்லை. உங்களிடம் சொல்ல வேறு ஒரு சேதியும் இருக்கிறது. நம்மைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து மூட்டை ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரர் நீங்கள். சிராங்கூன் சாலையில் மிரண்டு ஓடிய காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தனியாளாக நிறுத்தினீர்கள். அந்தக் கையில்தான் முதலில் பலம் போயிற்று. கட்டைவிரல் ஓரத்துச் சதை குழிவிழுந்தது. பிறகு தோள், கால், கடைசியில் பேச்சும் குழறியது.

சதை கரைவதை நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மற்றதைத்தான் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உங்களுக்கு வேர்த்துக் கொட்டும். கைகால் மட்டும் சில்லிட்டுக் கிடக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். தூக்கி நிறுத்தினால் கண் இருண்டு என்மேல் சாய்வீர்கள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை அங்கே வேலை பார்க்கும் தமிழர் நமக்குச் சொன்னார்: "இந்த நோய் சதையை அசைக்கிற நரம்போட நின்னுடுமாம். வேர்வையும் படபடப்பும் இதுல சேராதாம். மனசுல ஏதோ கிலியாம்."

அவ்வளவுதான், பேச்சு பரவிவிட்டது. "காளையை அடக்குன ஆளு, இப்ப சாவுக்கு நடுங்குறாரு." பயம் தெளியட்டும் என்று அண்ணி வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்தார். நீங்கள் தலையைக் குனிந்து கொடுத்தீர்கள். கோபமா அண்ணே, இல்லை எங்கள்மேல் இரக்கமா?

தைப்பூசத்தன்று காவடி பார்த்துவிட்டு வந்த வள்ளி, அதேபோல் ஆடிக் காட்டினாள். மகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரிப்போடு சிரிப்பாக அண்ணியை அழைத்தீர்கள்.

"இங்க வா புள்ள. நெஞ்சுல கை வை. நான் இப்பப் பயந்தா இருக்கேன்?"

"இல்லீங்க, சிரிக்கிறீங்க."

"எப்படி அடிக்குது?"

அண்ணி வைத்த கையை எடுக்கவில்லை. "மிரண்ட மாடு மாதிரி ஓடுதுங்க."

"நான் மிரளல. அது தானா ஓடுது. என் கை என் பேச்சைக் கேக்குதா? நெஞ்சும் கேக்கல, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அண்ணி "ஏன் பயப்படுறீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டார். வேர்வையைத் துடைத்து, "சட்டையை மாத்தவா?" என்பார். யாரும் கேட்காமல் விட்ட பிறகுதான் நீங்களே ஒருநாள் சொன்னீர்கள்: "ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பயம். வள்ளி சின்னப்புள்ள. என் முகம் அவளுக்கு மறந்துடும்." அண்ணி உங்களை மடியில் சாய்த்துக்கொண்டார். நாம் மூவரும் அழுதோம். அழுத பிறகு மனசு லேசாக இருந்தது, இல்லையா?

இனி அந்தச் சேதி. நேற்று அந்த டாக்டரை வழியில் பார்த்தேன்; கூட வந்த ஆஸ்பத்திரித் தமிழர்தான் அவர் பேச்சை எனக்குச் சொன்னார். இதே நோயோடு வந்திருக்கும் ஒரு சீனப் படகோட்டிக்கும் அதே வேர்வை, அதே சில்லிப்பாம். "உங்கள் அண்ணனைப் பற்றி நான் சொன்னது தவறாக இருக்கலாம். எங்களுக்கு இன்னும் தெரியவில்லை" என்றாராம்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்களுக்கு இப்பத்தான் சந்தேகம் வருதா தம்பி? என் கைக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடி அரைக்கத் தொடங்கினார்.

வள்ளி வளரட்டும் அண்ணே. எது உங்கள் பயம், எது பயமே இல்லை, இரண்டையும் அவளுக்குச் சொல்வேன். உங்கள் முகத்தை மறக்க விடமாட்டேன்.

என்றும் உங்கள் நிழலில் வளர்ந்த தம்பி,
முருகையன்