ராஜாவுக்கு நைனாவின் குரல்

ஆகஸ்ட் 2, 2025, சனி

இன்று மூன்று செய்தி அனுப்பினேன். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைகள் நனைந்தது, திருவண்ணாமலை சாலையில் லாரி கவிழ்ந்தது, கோட்டைக்கு வந்த வெளிமாநில மாணவர்கள். கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு மூன்றாவது வகைச் செய்தி தினம் ஒன்று வேண்டும் என்கிறார்கள்.

மாலையில் டெஸ்க்கிலிருந்து விமல்ராஜ் கூப்பிட்டான். நாளை புதுச்சேரி போய் அந்தப் பழைய பொம்மலாட்டக் கொட்டகையைப் பார்த்து ஞாயிறு மலருக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமாம்.

"செஞ்சி நிருபர் எதுக்குப்பா புதுச்சேரிக்கு?"

"அங்க இருக்கற ரிப்போர்ட்டர் பொண்ணுக்குக் கல்யாணம் மேடம். நீங்களும் ஊர் சுத்தின மாதிரி ஆச்சு."

நைனாவுக்கு இரண்டு வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். எண்பத்து மூன்று வயதில் அடுப்பைப் பற்றவைத்து மறந்துவிடுகிறார். மறந்ததைச் சொன்னால் கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொட்டகை வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. ஓட்டுக் கூரை, தேக்குத் தூண்கள், வாசலில் பிரெஞ்சில் ஒரு கல்வெட்டு. நூற்றைம்பது வருஷம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கல்வெட்டில் உள்ள ஆண்டைக் கழித்துப் பார்த்தால் நூற்று முப்பத்தெட்டு. இடிந்து கிடக்கும் என்று நினைத்துப் போனேன். வாசலில் கூட்டம் நெரிந்தது. சனி, ஞாயிறு டிக்கெட் கிடைப்பதே இல்லையாம்.

நடத்துபவள் பெயர் மோனிகா. முப்பத்தைந்து வயது இருக்கும். மேடையின் பின்பக்கத்தைச் சுற்றிக் காட்டினாள். ஆட்டக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பொம்மைகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. ராஜாவைத் தூக்கிப் பார்த்தேன், கை இறங்கிவிட்டது. ஆட்டுபவர் தலையில் துணி சுற்றிய ஒரு வளையத்தை மாட்டிக்கொள்கிறார். அந்த வளையத்திலிருந்து வரும் நூலில்தான் பொம்மை தொங்குகிறது. கைகளை மட்டும் கம்பியால் ஆட்டுகிறார்.

"ஆட்டறவங்க தல அசைஞ்சா ராஜா அசைவாரு மேடம். இவங்க குனிஞ்சா அவரு உக்காந்துடுவாரு."

இன்னொரு வழக்கமும் சொன்னாள். பொம்மையைத் தூக்கிய பிறகு சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கூட்டத்திலிருந்து யாராவது கேள்வி கேட்டாலும் பொம்மையின் குரலில்தான் பதில். "போன மாசம் பாதி ஆட்டத்துல கரண்ட் போச்சு. 'மந்திரி, ஃபியூஸைக் கவனியும்'னுதான் ராஜா சொன்னாரு. ஜனங்க அதுக்கும் கை தட்டினாங்க."

ஆட்டுபவர்களின் பெயரைக் கேட்டேன். பெயரும் சொல்வதில்லை, முகமும் காட்டுவதில்லை என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. வேட்டைக்குப் போன இளவரசன் விருந்து முடிந்த பிறகு வந்து சேர்கிறான். ராஜா இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"சார் வந்துட்டாரு. நாற்காலி போடுங்கப்பா! நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. எங்க போயிருந்த? யாரைக் கேட்டுப் போன? அந்தக் குதிரைக்கு யாரு தண்ணி காட்டுவாங்க?"

சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பேனா நின்றுவிட்டது.

அது நைனா. அந்தச் செருமல், 'ஒரே ஒரு'வுக்குப் பிறகு விடும் இடைவெளி, கமிட்டியில் லாரிச் சத்தத்தைத் தாண்டி எடை சொல்லிச் சொல்லித் தடித்துப்போன அந்தத் தொண்டை. நைனாவோ செஞ்சியில் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் குரலை இவ்வளவு சரியாகச் செய்ய இன்னொருவனால்தான் முடியும். பள்ளிக்கூட நாட்களில் கிணற்றடியில் எனக்கு மட்டும் செய்து காட்டுவான்.

என் தம்பி ஆனந்தராஜ்.

ஆட்டம் முடிவதற்குள் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். ஏன்? இருபத்தாறு வருஷமாக ஆட்களைத் தேடிப்போய்ப் பேசுவதுதான் என் வேலை. பத்தடியில், ஒரு கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்றவனிடம் ஏன் போகவில்லை?

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுதவில்லை. வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடக்கிறேன்.

"பொம்ம எப்டி இருந்துச்சு?" என்றார் நைனா.

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா குந்தி எழுத வேண்டியதுதான? இன்னாத்துக்கு நடந்துக்கினே இருக்க?"

ஆகஸ்ட் 6, புதன்

தூக்கம் சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அம்மா இறந்தாள். ஆனந்து அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். சேதி கேட்டதும் பஸ் ஏறிவிட்டான். திருவண்ணாமலை தாண்டிவிட்டேன், இருங்கள் என்று என்னிடம் போனில் சொன்னான். நைனாவிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். தூக்குங்கள் என்றார். அவரே கொள்ளி வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆனந்து நேராகச் சுடுகாட்டுக்கு ஓடியிருக்கிறான். எரிந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்து நைனா சொன்னதை அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "சார் வந்துட்டாரு. நாற்காலி போடுங்கப்பா."

அவன் அப்படியே திரும்பிப் போனான். வீட்டுக்கு வரவில்லை. நம்பரையும் மாற்றிவிட்டான். நைனா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அந்த வாக்கியத்துக்குத்தான் புதுச்சேரியில் அத்தனை பேர் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மோனிகாவிடம் என் பெயரையும் ஊரையும் சொல்லி, ராஜாவைப் பேசச் சொல்லுங்கள் என்றேன். மதியம் போன் வந்தது.

"அக்கா."

நைனாவுக்குக் கேட்காதபடி போனோடு வாசலுக்குப் போனேன்.

"எப்டிக்கா கண்டுபிடிச்ச?"

"நாற்காலி போடச் சொன்னியே."

சிரித்தான். பிறகு, "இருக்காரா?" என்றான்.

"இருக்காரு."

"திட்டறாரா?"

"தினமும்."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு."

"ஒம்போது வருஷமா அவரைத் திட்டிக்கினு இருக்கியாடா நீ?"

"நான் எங்கக்கா திட்டறேன்? அவருதான் என்னைத் திட்டறாரு. ஜனங்க டிக்கெட் வாங்கிப் பாக்கறாங்க."

இருபத்து மூன்றாம் தேதி செஞ்சியிலேயே ஆட்டம் என்று அவன் சொல்லித்தான் தெரியும். கோட்டைக்காக நடக்கும் விழாவுக்கு ஒரு மண்டபத்தில் ஏற்பாடாம். "நைனாவ இட்டுனு வராதக்கா. அந்தக் குரல் இல்லாம எனக்கு ராஜா இல்ல. அவரு எதுர குந்தியிருந்தா எனக்கு அந்தக் குரல் வராது. அன்னிக்கு ஆட்டம் கெட்டா என்னை நம்பி வர்ற மத்தவங்களுக்கும் கெட்ட பேரு." சரி என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பக்கத்தை அனுப்பிவிட்டேன். யார் பெயரும் இல்லாமல்.

ஆகஸ்ட் 20, புதன்

என்னை என்ன சொல்ல. விழாக்குழு அழைப்பிதழ் கொடுத்தது, வழக்கம்போல் நான்கு வரி எழுதி அனுப்பினேன்: செஞ்சியில் சனிக்கிழமை பொம்மலாட்டம், அனுமதி இலவசம். இன்று வந்திருக்கிறது. காலையில் பேப்பர் வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்து என் செய்திகளை முதலில் தேடிப் படிக்கும் ஒரே வாசகர் யார் என்பது எனக்குத் தெரியாதா? கை பழகின வேலை, மூளை பார்க்கவில்லை.

"நம்ம ஊருக்கே வருதாமே. சனிக்கிழம இட்டுனு போ."

ஆகஸ்ட் 21, வியாழன்

"கூட்டமா இருக்கும் நைனா."

"கமிட்டியில பாக்காத கூட்டமா?"

"ஃபேன் சரியா ஓடாது அங்க."

"விசிறி எடுத்துக்கறேன்."

"சின்னப் பசங்களுக்குப் போடறது அது."

"பாத்துட்டு வந்து மூணு வாரமா நீ தூங்கல. அப்டி இன்னாதான் காட்டுனான்னு நானும் பாக்கறேன்."

உள்ளதைச் சொன்னால் வரமாட்டார். அவர் வராமல் இருப்பதுதானே ஆனந்து கேட்டது? பிறகு ஏன் சொல்லவில்லை? அவனுக்கும் போன் செய்து எச்சரித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அதுதான். அதற்கு ஓர் ஆட்டம் கெட்டால்? கெட்டு, அவன் திரும்பவும் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டால்?

ஆகஸ்ட் 23, சனி, மாலை

ஆறு மணிக்குப் பக்கத்தை மூடிவிடுவார்கள். ஆட்டம் ஆறரைக்கு. மாலை விழா என்றால் தாலுகா நிருபர்கள் எல்லோரும் செய்வதையே செய்தேன். நடக்கப்போவதை நடந்ததாக எழுதி அனுப்பிவிட்டேன். 'முதியவர்கள் உட்பட ஏராளமானோர் அமைதியுடன் கண்டு களித்தனர்.'

நைனா சலவை வேட்டி கட்டி விசிறியோடு வாசலில் நிற்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்தது இது.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். ராஜா வந்தார். செருமினார். நைனா சிரித்தார்! என் தோளைத் தட்டி, "சரியான ஆளு இவன்" என்றார். அது தன் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை.

இளவரசன் வந்தான். "சார் வந்துட்டாரு. நாற்காலி போடுங்கப்பா!" மண்டபம் சிரித்தது. நைனாவும் பாதி சிரித்தார். விசிறி நின்றது. நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி என்று ராஜா தொடங்குவதற்குள் நைனா எழுந்து நின்றுவிட்டார்.

"டேய்! அன்னிக்கு வானம் இருட்டிக்கினு வந்துச்சுடா!"

எல்லோரும் திரும்பினார்கள். வேட்டியைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தா வெறகு நனைஞ்சிருக்கும். உங்கம்மா பாதி எரிஞ்சு பாதி நனைஞ்சு கெடக்கணுமாடா?"

சிலர் சிரித்தார்கள், ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து. ராஜா அசையவில்லை. இளவரசன் அந்தரத்தில் காலைத் தூக்கியபடி நின்றான். துணிக்குப் பின்னால் இருப்பவன் சொந்தக் குரலில் பேச முடியாது. பேசாமலும் இருக்க முடியாது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா, பெரியவரே?" என்றார் ராஜா. நைனாவின் குரலில்.

"நின்னு கேட்டியா நீ? திரும்பிப் பாக்காம போனியே!"

"நாற்காலி போடுங்கன்னு சொன்னா எவன்யா நிப்பான்?"

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் விசில். நைனா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து அவர் சொன்னது இரண்டு வரிசைக்கு மேல் கேட்டிருக்காது. மேடைக்குக் கேட்டது.

"வேற இன்னா சொல்றதுன்னு தெரியலடா எனக்கு."

ராஜாவின் முழங்கால் மடிந்தது. மெதுவாக, கிரீடம் சரிய, பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். துணிக்குப் பின்னால் அவன் தலை குனிந்துவிட்டது என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மந்திரி ஓடிவந்து, "மகாராஜா களைச்சுப் போயிட்டாரு, ஜனங்களே கை தட்டுங்க" என்று சமாளித்தார். கைதட்டல் நிற்க வெகுநேரமானது. பிறகு எப்படியோ கதையை முடித்தார்கள். விழாக்குழுத் தலைவர் நைனாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போட்டு, நம்மூர் மூத்த கலைஞர் என்று அறிமுகம் செய்தார். நைனா மறுக்கவில்லை. கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து யாரும் வெளியே வரவில்லை.

நைனா ஆட்டோவிலும் பொன்னாடையைக் கழற்றவில்லை. இன்று காலை பேப்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "அமைதியுடனா?" என்றார்.

திருத்தம் போட முடியுமா என்று விமல்ராஜிடம் கேட்டேன். "எதுக்கு மேடம்? யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலியே."

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆனந்து போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எடுக்கவில்லை. போன் உயிரோடுதான் இருக்கிறது. நம்பரை மாற்றவில்லை. இப்போதைக்கு.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பந்தோபஸ்து செய்திகள். வெயிலில் தெருத்தெருவாக அலைந்தேன். வீட்டில் உட்காருவதற்கு அது மேல்.

நைனா தனக்குள் பேசிக்கொள்கிறார். பயந்துபோய்க் கதவோரம் நின்று கேட்டேன். "அப்டிச் சொன்னது தப்புதான், ஆனா..." என்கிறார். நிறுத்துகிறார். மறுபடி முதலிலிருந்து. 'ஆனா'வுக்கு அப்பால் போகவில்லை. சாயங்காலம் மறுபடி ஒட்டுக்கேட்டபோது அந்த 'ஆனா'வை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். அதுவும் அவருக்குச் சரிவரவில்லை போல. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அவனே கூப்பிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். ஆட்டம் கெடவில்லையாம். அதேபோல் பெரியவரோடு வேண்டும் என்று இரண்டு ஊரில் கேட்கிறார்களாம்.

"நீ வேணும்னேதான இட்டுனு வந்த?"

"ஆமாம்."

"ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்பாட்டுக்கு இட்டுனு வாக்கா. ஆட்டத்துக்கு இல்ல. வீட்டுக்கு. காரம் கம்மியா வைக்கணுமா அவருக்கு?"

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து கோணுகிறது. நைனா ஜன்னலோரம். விடியும் முன்பே குளித்துவிட்டார். பொம்மலாட்டத்துக்குத்தான் போகிறோம் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்று வேறு ஆள்தான் ராஜா, ஆனந்து நம்மை வீட்டுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறான், சமைத்து வைத்திருப்பான் என்று இப்போதுதான் புரியும்படி சொன்னேன்.

"பொம்ம இல்லியா?"

"இல்ல நைனா."

மயிலம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எந்தக் குரல்ல பேசுவான்?"