மூன்று பூச்சு வெள்ளை

ஜெர்மனி
மார்ச் 4, 2018

அன்புள்ள லடோயா,

நாங்கள் இருந்த காலத்திலேயே பின்னறைச் சுவரில் பூஞ்சை இருந்ததா என்று கேட்டிருக்கிறாய். இதற்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஜார்ஜியாவில் எந்தச் சுவர்தான் ஈரமில்லை? லாரல் தெருவில் அது நல்ல வீடு என்று உனக்குச் சொன்னவளும் நானே.

ராணுவத்தின் பழைய வீடுகள் ஒழுகுகின்றன என்று தனியார் கம்பெனியிடம் ஐம்பது ஆண்டுக்குக் கொடுத்தார்கள். கம்பெனி கட்டியவையும் ஒழுகுகின்றன. யாரைத் திட்டுவது என்பதுதான் இப்போது தெரியவில்லை.

இமானியை முன்னறையில் படுக்க வை. டார்னெலுக்கு எழுதும்போது கிரெக் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மார்கிட்

லாரல் தெரு, ஜார்ஜியா
மார்ச் 14

மிஸ் மார்கிட்,

உங்க லெட்டர் புரொபசர் எழுதின மாதிரியே இருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சும் ஆமாவா இல்லையான்னு புரியல.

இமானிக்கு இன்னும் ரெண்டு வயசு முடியல, அதுக்குள்ள மூணு தடவை ஆஸ்பத்திரி. முன்னறையில படுக்க வச்சும் மூச்சு இழுக்குது. வீட்டை மாத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். டார்னெல் பட்டாளத்தோட குவைத்ல இருக்கான், புருஷன் பக்கத்துல இல்லாம நான் ஒருத்தியா அலையுறேன். வெளிய போகலாம்னா ஒப்பந்தம் விடாது.

கம்பெனி ஆள் வந்தான். "ஜன்னலைத் திறந்து வைங்கம்மா"ன்னான். "ஏம்ப்பா, இங்க ஜூலைல ஜன்னலைத் திறந்தா தவளை குடும்பத்தோட குடிவரும்"னேன். நல்லா சிரிச்சான். சிரிச்சுட்டு, 'குடியிருப்பவர் கவனக்குறைவு'ன்னு எழுதிட்டுப் போயிட்டான்.

இருபத்தாறாம் தேதி விசாரணை. தப்பு கம்பெனியோடதுன்னு ஆனா வேற வீடு தருவாங்க. நாங்க வர்றதுக்கு முன்னாடியே பூஞ்சை இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அது போதும். உங்க பேச்சுக்கு அங்க மரியாதை இருக்கு.

உங்க
லடோயா

ஜெர்மனி
மார்ச் 25

லடோயா,

பூஞ்சை இருந்தது. பதினொரு முறை புகார் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஆள் வந்து துடைத்தார். 'சரிசெய்யப்பட்டது' என்று பதிந்தார்கள்.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் கம்பெனி ஆட்கள் வெள்ளைக் கையுறையோடு வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார்கள், உனக்கே தெரியும். கறை தெரிந்தால் கணவனின் மேலதிகாரிக்குத் தொலைபேசி போகும். கிரெக்கின் பதவி உயர்வு அந்த மாதம்தான் முடிவாக இருந்தது. இடம் மாறுகிற எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரி கறை மறைக்கும் பெயிண்டைக் கொடுத்தாள். மூன்று பூச்சு பூசினேன். மிச்ச டப்பாவை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். சுவர் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டேன்.

நீ கைக்குழந்தையோடு வருகிறாய் என்று அப்போது எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் அப்படியே எழுதி இன்று விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். கேட்டிருந்தால் துணிந்திருப்பேனா, தெரியாது.

மார்கிட்

ஜெர்மனி
ஏப்ரல் 29

லடோயா,

மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. இனி எழுத மாட்டேன். இதை மட்டும் வைத்துக்கொள். என்ன நடந்தது என்று டார்னெல் கேட்டால் காட்டலாம்.

அதிகாரிக்கு நான் மின்னஞ்சல் அனுப்பிய மறுநாள் நடந்தது இது. விசாரணையைத் தொலைபேசியில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனியின் வழக்கறிஞர் என் கடிதத்தை முழுக்க வாசித்தார். பதினொரு புகார்களும் சரிசெய்யப்பட்டவை என்று பதிவைக் காட்டினார். "பூஞ்சையை மறைச்சது முன்னாடி இருந்த குடும்பம். அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பெயிண்டுக்குள்ள இருக்கிறது எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். கம்பெனியின் மீது தவறில்லை என்று அதிகாரி எழுதினார். வேறு வீடு கிடையாது, பின்னறையைப் பூட்டிவைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று உன்னைக் கேட்டார்.

"மிஸ் மார்கிட் லைன்ல இருக்காங்களா சார்?" என்றாய்.

"இருக்கேன், லடோயா" என்றேன்.

"அப்ப ஒண்ணும் இல்ல சார்" என்றாய்.

மார்கிட் ஹால்வர்சன்