சென்னிமலை சாருக்கு நான் கொடுத்த வாக்கியம்

பெண்கள் விடுதி,
நாமக்கல்.
புதன்கிழமை.

அன்புத் தோழி நிகத்துக்கு,

நித்யஸ்ரீ எழுதுவது. நான் பிழைத்துவிட்டேன். வலது கையில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். காரைக்காலில் உன் சின்னம்மா வீட்டுச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? தூக்கம் வருகிறதா?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது உன் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நீ ஊருக்குப் போயிருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். சிக் ரூமைப் பார்த்துக்கொள்ளும் சென்னம்மாள் அக்காதான் எல்லாம் சொன்னார். "அந்தப் புள்ளைய வைஸ் பிரின்சிபாலு கிரவுண்டுல வெயில்ல நிக்க வெச்சாரு சாமி. அவங்கப்பா சேலத்துல இருந்து ஓடியாந்து, அத்தன பசங்க முன்னாடி கையெடுத்துக் கும்புட்டாரு. அன்னைக்கு மூடுன வாய அந்தப் புள்ள தொறக்கவே இல்ல" என்றார். உன் அம்மாவும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அழுதார்களாம். நீ இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம்.

நம் இருவருக்கும் தெரிந்ததையே இங்கே எழுதுகிறேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் அதைச் சொல்வதில்லை. அன்றைக்குக் கெமிஸ்ட்ரி லேபில் அமிலப் புட்டியை எடுத்துவரச் சொன்னது வைஸ் பிரின்சிபால் சென்னிமலை சார். "சார், அதுக்கு மூடி இல்ல" என்று சொன்னது நீ. போனில் பேசிக்கொண்டே, சொன்னதைச் செய் என்று அவர் என்னிடம் கையை ஆட்டினார். கைமீது கொட்டியபோது அவர் வெளியே ஓடினார். நீ என்னை இழுத்துப்போய்க் குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னால்தான் எனக்கு விரல்கள் மிஞ்சின என்று டாக்டர் சொன்னார். அப்படிப்பட்ட உன்னைத்தான் விளையாட்டுக்குத் தள்ளிவிட்டவள் என்று சொல்லி, பேரை வெட்டி அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலேயே அப்பாவிடம் சொன்னேன். "பேசாம இரு கண்ணு. பரிச்சை முடியட்டும். அவங்களப் பகைச்சுக்கிட்டு நாம எங்க போறது?" என்று சொல்லிவிட்டார். மோகனூரில் வாழை போடுகிற மனிதர். அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? என் கோபமெல்லாம் ஓர் ஆளிடம்தான்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு எனக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிடாதே.

வலிக்கு மாத்திரை போட்டு, மத்தியானம் என்னைச் சிக் ரூமில் படுக்க வைக்கிறார்கள். முதல் நாள் கண்ணை மூடினேன். கனவு வரவில்லை. எழுந்து நின்றேன், ஆனால் என் உடம்பு கட்டிலில்தான் கிடந்தது. சுவர்கள் நனைந்த வேட்டி மாதிரி மெலிந்து தொங்கின. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த சென்னம்மாள் அக்காவுக்குப் பின்னால் அப்படி ஒரு துணி ஆடியது. விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அது அவர் காணும் கனவு. அங்கே தன் சோளக்காட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நீவிவிட்டேன். விழித்ததும் அக்கா எழுந்து நடந்தார். நின்றார். மறுபடி நடந்தார். "ஏங்கண்ணு, மூணு வருச வலி எங்க போச்சுன்னே தெரியலியே" என்றார்.

நிகத், நல்ல பெண்ணாக இருந்திருந்தால் அப்போது நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கனவில் செய்தது விழித்த பின்னும் நிற்கிறது என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது. சிக் ரூமுக்குச் சுவருக்கு அந்தப்புறம் வைஸ் பிரின்சிபால் அறை. சாப்பிட்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். குறட்டை எனக்கே கேட்கும்.

இந்தக் கடிதத்தை மெஸ்ஸில் வேலை செய்யும் மாரக்காள் அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். வார்டன் கண்ணில் படாது. பதிலையும் அவர் வீட்டு விலாசத்துக்கே போடு. உன் அத்தாவுக்கு என் வணக்கம். அவர் கும்பிட்ட கைக்கு நான் பதில் வாங்கித் தருவேன்.

உன்
நித்யா


விடுதி,
வெள்ளிக்கிழமை.

நிகத்,

போன கடிதம் கிடைத்திருக்கும். நீ பதில் போடுமுன் காரியம் நடந்துவிட்டது.

அதை அனுப்பிய பின் வந்த திங்கட்கிழமை மத்தியானம் அவர் கனவுக்குள் போனேன். நம் கிரவுண்டுதான். மேடையில் மைக் பிடித்து அவர் பேசிக்கொண்டிருந்தார். கீழே வரிசை வரிசையாகப் பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால், நடு வெயிலில், நீ நின்றுகொண்டிருந்தாய். தலைத்துணி வேர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் உன் அத்தா கும்பிட்டபடி. நான் உன்னைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தாய், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் போனேன். அப்போதும் நீ அங்கேயே நின்றாய். நீ காரைக்காலுக்குப் போய்விட்டதாக ஊர் நினைக்கிறது. அந்த ஆள் உன்னை இன்னும் அங்கிருந்து போகவிடவில்லை.

அன்றைக்கு மேடை ஏறினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கனவில் என் கையில் கட்டு இல்லை, வெந்த தோல் அப்படியே இருந்தது. அந்தக் கையை அவர் வாயில் வைத்து அழுத்தினேன். சுவரில் ஓட்டைக்குச் சிமென்ட் பூசுவது போல விரலால் ஓரமெல்லாம் தேய்த்து அடைத்தேன்.

விழித்தபோது அடுத்த அறையில் நாற்காலி விழுந்த சத்தம். அவர் வராந்தாவுக்கு ஓடி வந்தார். வாய் திறந்து திறந்து மூடியது, காற்றுகூட வரவில்லை. என் கட்டிலைத் தாண்டித்தான் ஓடினார். நான் போர்வைக்குள் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பக்கவாதம் என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்களாம். உன்னைப் பற்றியும் டாக்டர்கள் அதைத்தானே சொன்னார்கள்?

ஒரு செய்தி. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கூட இருப்பதால், அவர் மகள் பிரீத்தியை விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு. உன் கட்டிலைத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாயாடி. வந்த அன்றே, "எங்கப்பா உங்களுக்குக் கை வெந்த நாள்ல இருந்து சரியாவே சாப்புடலக்கா. ராத்திரியெல்லாம் நடந்துட்டே இருப்பாரு" என்றாள். அது எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? சாப்பிடாமல் நடந்த நேரத்தில் கரஸ்பாண்டென்ட்டிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் உன் பேரைக் காப்பாற்றாமல் தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டார்.

இப்போது அவர் வாய் என் கையில் இருக்கிறது. அது உனக்குச் சேர வேண்டியது. அப்படியே விடவா, திறக்கவா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

நித்யா


மோகனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் நிகத்,

உன் பதில் வந்தது. அதில் நலம் விசாரிப்பு இல்லை, என் பேர்கூட இல்லை. "பேச்சைத் திருப்பிக் கொடு. ஆனால் வாயைத் திறந்தால் நடந்தது மட்டும்தான் வர வேண்டும்." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

பெற்றோர் கூட்டத்தன்று அவரை வரவழைத்திருந்தார்கள். ஆள் தேறிவிட்டார் என்று பெற்றோருக்குக் காட்ட வேண்டுமாம். மத்தியானம் அவர் தன் அறையில் படுத்தார். கை வலிக்கிறது என்று சொல்லி நான் சிக் ரூமுக்குப் போய்ப் படுத்தேன்.

இந்த முறை கிரவுண்டில் பிள்ளைகள் இல்லை, மேடை இல்லை. நீ மட்டும் வெயிலில் நின்றாய். அவர் ஒரு சொம்பு தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உன்னை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எவ்வளவு நடந்தாலும் கிட்ட வர முடியவில்லை. கூப்பிட வாயும் இல்லை. நான் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொம்பைத் தட்டிவிட்டேன். தண்ணீர் கொடுக்க வேண்டிய நாளில் அவர் கொடுக்கவில்லை.

பூசியதைப் பெயர்த்தெடுத்தேன். காதோடு வாய் வைத்து, நடந்ததைச் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சமன்பாடுகளை நம்மை மனப்பாடம் பண்ண வைப்பாரே, அதேபோல, தப்பினால் முதலிலிருந்து. பாடமாகும் வரை விடவில்லை.

விழித்ததும் யாரோ அவரை நேராகக் கூட்டத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். ஹால் நிறைய ஆட்கள். மோகனூரிலிருந்து என் அப்பாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கரஸ்பாண்டென்ட் பேசிவிட்டு, "நம்ம சென்னிமலை சார் நல்லபடியா வந்துட்டாரு" என்று அவரை எழுப்பிவிட்டார். அவர் கும்பிட்டார். பழக்கத்தில் வாய் திறந்தது. குரல் வந்தது. ஒரு கணம் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"மூடியில்லாத புட்டிய எடுத்தாரச் சொன்னது நான்தான். நிகத் மேல தப்பில்ல. அந்தப் புள்ளதான் காப்பாத்துச்சு."

அவர் தலையை உதறிக்கொண்டு வேறு ஏதோ சொல்ல முயன்றார். அதே வாக்கியம். கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடுங்கினார். மைக் இல்லாமலும் அதே வாக்கியம், இன்னும் சத்தமாக. அப்போது என் அப்பா எழுந்தார். வீட்டில்கூடக் குரலை உயர்த்தாதவர். "ஏனுங்க சார், அன்னைக்கு ஆஸ்பத்திரியில எங்கிட்ட வேறயல்ல சொன்னீங்க. அந்தப் புள்ளயோட அப்பாவ எல்லாத்து முன்னாடியும் கும்புட வெச்சீங்களாமே. இப்ப நீங்க போயி அவருகிட்டக் கும்புடுங்க" என்றார். மற்ற அப்பாக்களும் எழுந்துவிட்டார்கள். நிகத், நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

அவரை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. கரஸ்பாண்டென்ட்டே சேலத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தாராமே. உன் அத்தா அவரை உட்காரச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். சென்னிமலை சார் ஆட்டையாம்பட்டியில் அவர் வீட்டில் கிடக்கிறார். கடைக்காரரிடம், டாக்டரிடம், வாசலில் வருகிற பால்காரரிடம் அந்த ஒன்றைத்தான் சொல்கிறாராம். அவருக்காக நான் ஒரு சொட்டுக்கூடக் கலங்கவில்லை. நாளைக்குக் கேட்டாலும் இதையே சொல்வேன்.

ஆனால் அந்த ஹாலில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது பிரீத்தி ஓடிப்போய் மேடைக்குக் கீழே நின்றாள். "அப்பா, போதும்பா, வாப்பா ஊட்டுக்குப் போலாம்" என்று கையை நீட்டினாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். அவள் பேரைக் கூப்பிட வந்த வாய் அது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. வந்தது அந்த வாக்கியம். மகள் முகத்துக்கு நேராக, திரும்பத் திரும்ப. அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

பரீட்சை வரை அவளை விடுதியிலேயே விட்டிருக்கிறார்கள். மெஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நீயும் காரைக்காலில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாயோ என்று எனக்குத் தோன்றுகிறது, சோறு இறங்குவதில்லை.

போன வாரம் காய்ச்சல் என்று அவளையும் சிக் ரூமில் படுக்க வைத்தார்கள். நான் அவள் கனவுக்குள் போனேன். எதற்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது. இதுவரை யாருடைய கனவிலும் யாரும் என்னைப் பார்த்ததில்லை. அவள் பார்த்தாள். நான் துணியை விலக்கியதும் திரும்பி, எனக்காகவே காத்திருந்தவள் போல, "நித்யாக்கா, எல்லாத்தையும் எங்கப்பாவுக்குத் திருப்பித் தர வேண்டாம். எம்பேர மட்டும் குடுங்க" என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன். எழுந்ததும், விடுதியில் என் கட்டிலை அவள் கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டேன். இப்போது மத்தியானத்தில் படுப்பதே இல்லை. ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கிறது, நிகத்.

பரீட்சைக்கு முந்தைய விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஆட்டையாம்பட்டியில் என் அத்தை வீடு, அவர் வீட்டை ஒட்டின வீடு. அடுத்த வாரம் அங்கே போகிறேன். ஒரு மத்தியானம் போதும். வாக்கியத்தை எடுக்க மாட்டேன், அது அவர் சாகும் வரை அவர் வாயில் இருக்கட்டும். அதோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கட்டுமா என்றுதான் கேட்கிறேன். நீ சம்மதிக்காமல் செய்ய மாட்டேன். அந்த வெயிலில் நின்றவள் நீ. எனக்கு அந்த உரிமை இல்லை.

இதற்குப் பதில் எழுதாதே. எழுத்தில் வந்தால் நான் பிரிக்கமாட்டேன். அம்மாவின் போன் நம்பர் உன் அம்மாவிடம் இருக்கிறது. சனிக்கிழமை முழுக்க அந்தப் போனை நான் கையிலேயே வைத்திருப்பேன். கூப்பிடு. உனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வைக்க மாட்டேன். சரி என்று சொல், இல்லை வேண்டாம் என்று சொல். வேண்டாம் என்பதானாலும் பரவாயில்லை, உன் வாயால் சொல்.

உனக்கு எல்லா நலமும் வரட்டும்.

காத்திருக்கும்
நித்யஸ்ரீ