பால் காய்ச்சாத வீட்டின் படிக்கட்டு

இனிமேல் கட்டப்போகும் இரண்டாம் பிளாக்கின் படிக்கட்டுக் கைப்பிடிக்கு நீல வண்ணம் பூசுவதென்று நேற்று மாலை ஏகமனதாக முடிவெடுத்தோம். மஞ்சளுக்காக வாதாடியவர்களும் கடைசியில் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். மக்கள் பங்கேற்பு என்றால் இதுதான் என்றார் வீட்டு வாரிய அதிகாரி. கை தட்டினோம். எனக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் உன் கடைப் பெயர் பாதி அழிந்து தெரிந்தது. நாற்காலி, பந்தல், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் இப்போது உன் மனைவிதான் வாடகைக்கு விடுகிறாள்.

முதல் பிளாக்குக்கான கூட்டமும் உன் நாற்காலிகளில்தான் நடந்தது. திருவொற்றியூரில் நம் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு நம்மைப் புளியந்தோப்பு வாடகை வீடுகளுக்கு அனுப்பியிருந்த சமயம். சுவரில் புதுக் கட்டிடத்தின் வரைபடம் தொங்கியது. பிடித்த இடத்தில் பச்சைச் சீட்டு, பிடிக்காத இடத்தில் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். நீ நேராகப் போய்ப் படிக்கட்டின் மேல் சிவப்பை ஒட்டினாய்.

"இன்னா சார், இவ்ளோ இறுக்கமா கீது. ஐஸ் பெட்டி எப்டி திரும்பும்?"

"ஃபிரிட்ஜ்தானே? லிஃப்ட்லயே போகும்" என்றார் அதிகாரி.

"அந்தப் பொட்டி இல்ல சார். உள்ள ஆளு படுத்துகினு கீற பொட்டி."

அதிகாரி பேனாவை மூடினார். அவருக்கு முன்பே நம் ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். மீன் விற்கும் கஸ்தூரி அக்கா எல்லோருக்கும் முன்னால்.

"பால் காய்ச்சாத வூட்ல பொணம் எறக்குறான் பாரு. வாய கழுவிகினு வாடா. உன் பொட்டி வாடகைக்குப் போவணும்னு நாங்க அல்லாரும் சாவணுமா?"

"பால் காய்ச்சினா சாவு வராதா யக்கா? அப்ப டெய்லி காய்ச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அக்கா உன் சிவப்புச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பச்சையை ஒட்டினாள். படிக்கட்டு ஏகமனதாக நிறைவேறியது. வெளியே வந்ததும் நீ என்னிடம், "மாமு, ஜனங்க கிட்ட கேட்டுட்டாங்கோ. இனிமே யாரையும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றாய்.

முதல் பிளாக் கட்டி முடிந்ததும் குலுக்கலில் உனக்கு நான்காவது மாடி விழுந்தது. பால் காய்ச்சினோம். அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை நீ எழுந்திருக்கவில்லை.

உனக்காக மேலே தூக்கிப்போன உன் ஐஸ் பெட்டி முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தோம், தூக்கிப் பார்த்தோம். பிறகு அதைக் கீழேயே வைத்துவிட்டு உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, லிஃப்டில் இறக்கினோம். இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. தண்ணீர்க் கேனோடு நின்றவர், "கீழயா?" என்று கேட்டார். "கீழதான்" என்றேன். அவர் அடுத்த முறைக்காகக் காத்திருந்தார். பைக்குகளை நகர்த்தி அந்த இடத்தில் உன்னைக் கிடத்தினோம். உன் மகள் ஊரிலிருந்து வந்து, வீட்டுக்குப் போகப் படியேறப் பார்த்தாள். அப்பா இங்கேதான் இருக்கிறார் என்று யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

இப்போது எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் படிக்கட்டின் திருப்பத்தைத்தான் பார்க்கிறேன். கல்யாண வீடானாலும் மனதுக்குள் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டே பந்தியில் உட்காருகிறேன். நீ விட்டுப்போனது இது.

நேற்றும் அதே வரைபடம், அதே சீட்டுகள். நான் படிக்கட்டில் சிவப்பை ஒட்டினேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் புருஷனோடு கஸ்தூரி அக்கா இன்னும் புளியந்தோப்பில்தான் இருக்கிறாள். அவளுக்கு இரண்டாம் பிளாக்கில்தான் வீடு. என் அருகில் வந்து நின்றாள்.

"அவன் சொன்னது நெசந்தாம்பா. அன்னிக்கு வந்து நானுந்தான் பாத்தேனே."

"அப்ப ஒட்டு யக்கா."

"எப்டிப்பா ஒட்டுவேன்? வூட்ல அவுரு அப்டி கீறாரு. புது வூட்டுக்குப் போறோம்னு நம்பிகினு கீறாரு."

பச்சையை ஒட்டினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் பச்சைதான் ஒட்டினார்கள். அதன் பிறகுதான் கைப்பிடியின் வண்ணத்துக்கு வந்தோம்.

இன்று காலை அஸ்திவாரம் தோண்ட இயந்திரம் வந்தது. படிக்கட்டின் அகலம் முதல் பிளாக்கில் உள்ளதுதான்.